மிச்சக் குளிசைப் பேணி

ஆண்டாங்குளம்
14.02.2001

என்ர தங்கச்சி சிவலட்சுமி,

எப்பிடிப் பிள்ளை இருக்கிறாய்? உப்புக்குளத்து வீட்டுக் கிணறு இப்பவும் உவர்தானே? இடுப்பில நாரிப்பிடிப்பு விட்டுட்டுதோ? ஆஸ்பத்திரி வாட்டில நேர்ஸ் வேலையில இரவு முழுக்க நிண்டா நாரி பிடிக்காமல் என்ன செய்யும். நாங்கள் இஞ்ச சுகம். நான் சொல்லச்சொல்ல உன்ர மச்சாள் அன்னம் எழுதுறா. அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு எண்டு கூட்டிக்கொண்டு போகேக்க நான் வேணுமெண்டு வாய்க்காலுக்க விழுந்து, ஈரத்தோட வீட்ட திரும்பினனான். அண்டைக்கு விழாமல் விட்டிருந்தா இண்டைக்கு நானே எழுதியிருப்பன். ஆனா எழுதினா உவ்வளவு கதை சொல்லேலாது, கை உளைஞ்சிடும்.

அன்னத்துக்கு உங்கட ஆஸ்பத்திரியில வயித்து ஒப்பிறேசன் முடிஞ்சு நாங்கள் திரும்பி வந்த கதை உனக்குத் தெரியாதெல்லே. சோதனைச்சாவடியில என்னைச் சட்டையைக் கழட்டச் சொன்னாங்கள். தோளில கிடக்கிற தழும்பைக் கண்ட உடன ஒருத்தன் "மேக மொகக்த" எண்டான், இதென்ன எண்டு சிங்களத்தில. எங்கட செவலை நாம்பன் குத்தினது தம்பி எண்டன். அவன் நம்பேல்லை, சண்டையில பட்ட காயம் எண்டான். நானும் விடேல்லை. நாம்பன் ஆரிட்ட வாங்கினது, ஏன் வித்தது, வாங்கினவன்ர வேலியை அது எப்பிடிப் பிரிச்சது எண்டு முழுக்கச் சொன்னன். தமிழ் தெரிஞ்ச ஆமிக்காரன் ஒருத்தன் மாத்திச் சொல்லிச்சொல்லிக் களைச்சுப்போனான். பொழுதுபட, "போ ஐயா, உன்ர மாட்டையும் கொண்டு போ" எண்டு விட்டிட்டாங்கள்.

(மச்சாள், இது பகிடியில்லை. தையல் போட்ட வயித்தோட நான் பொழுதுபடுமட்டும் ரோட்டில நிண்டனான். ரெண்டு பேரை அவரோட சேத்து வைச்சிருந்தவங்கள். அவையளை விடேல்லை. இதை நானாத்தான் எழுதுறன்.)

நீ தந்துவிட்ட கப்சூலில பாதியோட அன்னத்துக்கு நோ விட்டிட்டுது. மிச்சத்தை எங்கட பேணிக்குள்ள போட்டாச்சு. பேணி எண்டா உனக்கு விளங்காது. மருந்து ஒண்டும் ஆமிக்காரர் இஞ்சால வர விடுறாங்கள் இல்லை, ஒரு தலையிடிக் குளிசைக்கும் டொக்டரின்ர துண்டு காட்டவேணும். அதால ஆஸ்பத்திரிக்குப் போய் வாற ஆக்கள் தங்கட நோ விட்ட உடன மிச்சக் குளிசையை எங்கட வீட்டுப் பால்மாத் தகரப் பேணிக்குள்ள போடுவினம். தேவைப்படுற ஆள் வந்து எடுக்கும். நல்ல வழக்கம் பார். அடுத்த நாளே பக்கத்து வீட்டுப் பாலம்மா வரம்பு கட்டேக்க மண்வெட்டியால காலை வெட்டிக்கொண்டு வந்தா. அன்னத்தின்ர கப்சூல் அவவின்ர காலுக்குப் போச்சுது.

அன்னம் இப்ப முந்தின மாதிரித்தான். அடுப்படியில நிண்டு "இஞ்சேரு..ங்கோ" எண்டு ஒரு இழுவை இழுத்தா நான் வயலில நிண்டாலும் வரவேணும். ஊரில எல்லாப் பெண்டுகளும் புருசன்மாரை அப்பிடித்தான் கூப்பிடுறவை, ஆனா இந்த இழுவை வேற ஒருத்தருக்கும் வராது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணன் கதிர்காமு

மச்சாள், சொன்னதெல்லாம் எழுதிப்போட்டன். எனக்கு நல்ல சுகம். அன்னப்பிள்ளை.


உப்புக்குளம், மன்னார்
03.03.2001

அன்புள்ள அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

நான் சுகம். நாரி பரவாயில்லை. உங்கட சுகமும் அதுபோல இருக்கவேணும்.

அண்ணை, நாம்பன் கதையை வாட்டில வாசிச்சுச் சிரிச்சம். ஆனா பேணிக் கதைக்கு எனக்குச் சிரிப்பு வரேல்லை. அந்தக் கப்சூலை நோ விட்டாப்போல நிப்பாட்டக்கூடாது. கிருமி சாகமுந்தியே நோ விட்டிடும். முழுக்க முடிச்சாத்தான் அது முழுக்கச் சாகும். பாதியோட நிப்பாட்டினா, சாகாமல் தப்பினதுகள் மருந்தைப் பழகிப்போடும்.

நான் பயப்படுத்த எழுதேல்லை. எங்கட வாட்டில கண்ணால பாக்கிறன். மூண்டு நாலு வருசத்துக்கு முன்னம் ஒப்பிறேசன் காயம் சீழ்பிடிச்சுச் சிதள் வைச்சா இந்தக் கப்சூல் குடுப்பம், ஒரு கிழமைக்குள்ள வறண்டிடும். போன வருசம் அதே கப்சூலுக்குப் பாதிக் காயம் அசையேல்லை. இந்த வருசம் குடுக்கிறதும் ஒண்டுதான், விடுறதும் ஒண்டுதான். டொக்டர்மார் வேற மருந்துகளை மாத்தி மாத்தி எழுதுகினம்.

அதால நான் கேக்கிறதுக்குப் பதில் எழுதவேணும். மச்சாளின்ர தையல் போட்ட இடம் சிவந்திருக்கோ? அமத்தினா சிதள் வருதோ? பின்னேரத்தில காய்ச்சல் காயுதோ? பாலம்மாவின்ர கால் எப்பிடி?

ஆரும் வந்தா கொஞ்சம் எருமைத்தயிர் குடுத்துவிடுங்கோ.

உங்கட தங்கச்சி
சிவலட்சுமி


ஆண்டாங்குளம்
29.03.2001

என்ர தங்கச்சி,

சுகமோ பிள்ளை? இஞ்ச சூடு மிதிச்சு முடிஞ்சுது. நெல்லு பரவாயில்லை, பதர் கூட.

உன்ர கடிதத்தை அன்னம் வாசிச்சுக் காட்டினா. நாலு வரிதான் எழுதியிருக்கிறாய், பொல்லாத வேலை போல. நாம்பன் கதைக்குச் சிரிச்சதும் தயிர் கேட்டதும் சந்தோசம். தயிர் மாரிமுத்துவிட்டக் குடுத்துவிடுறன். மாரிமுத்து ஆரெண்டா, மலையகத்தில இருந்து வந்து எங்கட குளத்தடியில குடியிருக்கிற பொடியன். உழவு மெசின் ஓட்டுறவன், இப்ப நெல்லு ஏத்தி இறக்கப் பாஸ் எடுத்து மன்னாருக்கு வந்துபோறவன்.

நாம்பன் கதைக்குச் சிரிச்ச நீ அறக்கொட்டிப் பூச்சிக் கதைக்கும் சிரிப்பாய். எண்பத்தேழோ எட்டோ, வயல் முழுக்க அறக்கொட்டி. மருந்து ஒரு போத்தல்தான் ஊருக்கே. நான், சின்னராசா, சிங்கராசா மூண்டு பேரும் பங்கு போட்டு, காணாததுக்குத் தண்ணியை விட்டு அடிச்சம். முதல் நாள் பூச்சி பொலுபொலுவெண்டு விழுந்துது. சின்னராசா மீசையை முறுக்கிக்கொண்டு திரிஞ்சான். கொஞ்ச நாளால பாத்தா திரும்பவும் நிக்குதுகள். அடுத்த போகம் ஆளுக்கொரு போத்தல் வாங்கி அடிச்சம். ஒண்டும் விழேல்லை. குளிச்சுப்போட்டு ஈரம் துவட்டப் போற மாதிரி எழும்பிப் போகுதுகள். "அதுகள் இப்ப எங்கட வயலுக்குக் குடிக்கத்தான் வருகுதுகள்" எண்டு சிங்கராசா சொல்ல, சின்னராசா மீசையை எடுத்துப்போட்டான்.

அன்னத்துக்கு வயசு போகுது எண்டு நினைக்கிறன். இப்ப பாயில இருந்து எழுதமாட்டா, ஏறி இருக்கக் கதிரை வேணும். பழந்துணியை எல்லாம் கிழிச்சு அவிச்சுக் காயப்போடுறா. வீடு முழுக்க வேப்பெண்ணெய் மணம். படுக்கிறதும் அடுப்படி, குசினிப் பக்கம். ஏனடி எண்டா, என்ர குறட்டையாம். இவ்வளவு வருசமாக் கேக்காத குறட்டை இப்ப கேக்குதாம் பார்.

உடம்பைப் பார் பிள்ளை.
அண்ணன் கதிர்காமு


உப்புக்குளம்
17.04.2001

அன்பு மச்சாள்,

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். அண்ணைக்கு வாசிச்சுக் காட்ட ஒரு சின்னத் துண்டு உள்ளுக்க தனியா வைச்சிருக்கிறன். தயிர் கிடைச்சது எண்டு அதில இருக்கு.

நான் போன முறை ரெண்டு பக்கம் எழுதினனான். அண்ணை நாலு வரி எண்டுறார். நான் கேட்ட ஒண்டுக்கும் பதில் இல்லை. ஆனா நான் கேக்காத எல்லாத்துக்கும் அண்ணையே பதில் சொல்லியிருக்கிறார்: கதிரை, அவிச்ச துணி, வேப்பெண்ணெய், குசினிப் பக்கம் படுக்கை. அதை ஒண்டும் விடாமல் உங்கட கையாலயே எழுதியிருக்கிறியள். அவர் சொல்லுறதில கைவைக்க உங்களுக்கு மனம் வராது, நான் எழுதுறதை மறைக்க மட்டும் வரும்.

உண்மையைச் சொல்லுங்கோ மச்சாள்.

சிவலட்சுமி


ஆண்டாங்குளம்
06.05.2001

அன்பு மச்சாளுக்கு,

நீங்கள் சுகமா இருக்கவேணும். அவர் குளத்துக் கூட்டத்துக்குப் போயிட்டார். அதுக்குள்ள எழுதுறன்.

தையல் கீழ்ப்பக்கத்தால விட்டிட்டுது. மாசிக் கடைசியிலயே தொடங்கினது. சிதள் வருது. சில நாள் குறையும், குறைஞ்சுது எண்டு நினைக்கப் பிறகும் வரும். பின்னேரத்தில குளிருது. பேணிக்குள்ள கிடந்த கப்சூல் எல்லாம் எடுத்தனான். சிவப்பும் கறுப்பும் கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம். சிலதை விழுங்கினன், சிலதை உடைச்சுத் தூளைக் காயத்துக்குள்ள போட்டன். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. பாலம்மாவின்ர காலும் ஆறேல்லை. அவ என்னிட்ட வந்து காலைக் காட்டுவா, நான் அவவிட்ட வயித்தைக் காட்டுவன். ஆர் முதல் சுகமாகி ஓடுறது பாப்பம் எண்டு பகிடி விடுவா.

அவருக்குச் சொல்லாதையுங்கோ. கேட்டா அடுத்த நிமிசம் பாஸ் எடுக்க ஓடுவார். நான் தனியப் போறன் எண்டா விடமாட்டார். அந்தத் தழும்பை இன்னொருக்கா அவங்களுக்குக் காட்டவேணும். போனமுறை நாம்பன் கதையோட விட்டாங்கள். அவருக்கு அது ஒரு கதை. பக்கத்தில நிண்ட ரெண்டு பேரின்ர பெண்சாதிமாரும் என்னோடதான் ரோட்டில நிண்டவை. அவையின்ர முகம் எனக்கு இப்பவும் தெரியுது.

வயித்துக் காயம் மெல்ல ஆறும். ஆறாட்டியும் எனக்கு மட்டுந்தானே.

அன்னப்பிள்ளை


உப்புக்குளம்
21.05.2001

அன்பு மச்சாள்,

தூள் போடுறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. பேணியைத் தொடவேண்டாம். அவிச்சாறின உப்புத்தண்ணியால கழுவி, அவிச்ச துணியால மூடுங்கோ, காணும்.

அண்ணை சொன்ன அறக்கொட்டிக் கதையை நீங்கள்தானே எழுதினியள். உங்கட வயித்துக்க நடக்கிறதும் அதுதான். ஒவ்வொரு பேணி மருந்தும் அளவு காணாத மருந்து. விழுந்ததுகள் விழுந்துதுகள், எழும்பினதுகள் பழகினதுகள். இனி அங்க கிடக்கிற ஒண்டுக்கும் அது அடங்காது. இஞ்ச வந்தா சிதளைத் தொட்டெடுத்துக் கொழும்புக்கு அனுப்பலாம். எந்த மருந்துக்கு அடங்கும் எண்டு வளத்துப் பாத்துச் சொல்லுவினம். அது தெரியாமல் ஒண்டும் செய்யேலாது.

உங்களுக்கு மட்டுந்தானே எண்டு எழுதியிருக்கிறியள். காயத்தில இருக்கிறது ரத்தத்துக்குப் போனா நாள் கணக்குத்தான் மச்சாள். அதுக்குப் பிறகு அண்ணை ஆரிட்டக் கதை சொல்லுறது?

அவருக்குச் சொல்லமாட்டன் எண்டு நான் எழுதித்தரமாட்டன். நீங்களாச் சொல்லுங்கோ.

சிவலட்சுமி


ஆண்டாங்குளம்
11.06.2001

என்ர தங்கச்சி,

சுகமோ? கனநாளாக் கடிதம் இல்லை. அன்னத்திட்டக் கேட்டா, உனக்கு நைட் டியூட்டியாக்கும் எண்டுறா. இஞ்ச சிறுபோகம் விதைச்சாச்சு. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணி எங்கட வாய்க்காலுக்கு வாறதுக்குள்ள சிங்கராசா ஒரு வேலை செய்தான், அதைக் கேட்டா நீ வாட்டில இருந்து விழுந்துவிழுந்து சிரிப்பாய். என்னெண்டா

மச்சாள், கை உளையுது. மிச்சத்தைப் பிறகு எழுதுறன் எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன். அ.


ஆண்டாங்குளம்
02.07.2001

தங்கச்சி சிவலட்சுமி,

நீ சுகமா இருக்கவேணும் எண்டு சொல்லித்தான் தொடங்கவேணும், அதால சொல்லுறன். இதை எழுதுறது எங்கட சங்கக்கடை மனேச்சர் இராமலிங்கம். அன்னம் எழுதேல்லை. ஏன் எழுதேல்லை எண்டு உனக்குத் தெரியும்.

போன வெள்ளி நான் வாய்க்கால் கட்டிக்கொண்டு நிக்கிறன். மாரிமுத்து வந்து வரம்பில குந்தினான்.

"ஐயா, மன்னார்ல உங்க தங்கச்சிய பாத்தேன்" எண்டான்.

"கடிதம் தந்தவவோ?"

"இல்லீங்க. கடிதம் வேணாமாம். வாயால சொல்லச் சொல்லுச்சு."

"என்னடா அப்பிடி வாயால சொல்லுற விசயம்?"

"அம்மாவுக்கு வயித்துக் காயம் ஆறலையாம். பிரிஞ்சி போச்சாம். உங்ககிட்ட சொன்னா நீங்க செக்பொயிண்டுக்கு வருவீங்கன்னு மறைக்கிறாங்களாம்."

நான் சிரிச்சன் தங்கச்சி. உனக்கென்னடா விசர் எண்டு கேட்டன். கேட்டுக்கொண்டே நிக்க, வேப்பெண்ணெய் மணம் ஞாபகம் வந்துது. பிறகு கதிரை. பிறகு குறட்டை. மண்வெட்டியை வாய்க்காலுக்கயே விட்டிட்டு வீட்ட வந்தன்.

அன்னம் அடுப்படியில. "காட்டு" எண்டன்.

"என்னத்தை?"

"வயித்தை."

"பட்டப்பகலில என்ன கதை கதைக்கிறியள்" எண்டா. இப்பிடி ஒரு பொம்பிளை. பிறகு என்ர முகத்தைப் பாத்திட்டு, இருந்து, துணியை எடுத்தா. இராமலிங்கம், இதை எழுதவேண்டாம். சரி, எழுதினா எழுதும். நான் ஆட்டுக்குட்டிக்கும் மாட்டுக்கும் புண் பாத்தவன். இவ்வளவு கிட்ட இருந்து இதை நான் பாக்கேல்லை.

"நாளைக்குப் போறம்" எண்டன்.

"நீங்கள் வந்தா நான் வரமாட்டன்."

"நான் வராட்டி நீ ஆரோட போறாய்?"

"அவங்கள் உங்களைச் சட்டை கழட்டச் சொன்னா நான் இந்த வயித்தோட எங்க போய் நிக்கிறது? சொல்லுங்கோ பாப்பம்."

நான் அவிச்ச துணியை எடுத்து அவவிட்டக் குடுத்தன்.

அப்ப வேலிக்கு அங்கால இருந்து பாலம்மா: "ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு முடிஞ்சா சொல்லுங்கோ. நான் கூடப் போறன். என்ர காலையும் காட்டவேணும்." அவ வேலியோடயே நிண்டு கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறா.

இராமலிங்கம்தான் செஞ்சிலுவைக்காரரிட்டப் போய்க் கதைச்சவர். நோயாளியையும் துணைக்கு ஒரு பொம்பிளையையும் தங்கட வாகனத்தில கொண்டுபோவினமாம். நான் வாசல் படலைவரைக்கும்தான் போனன். வாகனத்துக்க ஏறினாப்போல அன்னம் சொன்னது, "பேணியை மூடி வையுங்கோ, ஆரையும் எடுக்க விடாதையுங்கோ." அவ்வளவுதான். நேற்றுப் போச்சினம். இந்தக் கடிதம் உன்னட்ட வாறதுக்குள்ள அவ உன்ர வாட்டில கிடப்பா.

அவவைப் பார்.

கதிர்காமு


உப்புக்குளம்
25.07.2001

அன்பு அண்ணை,

இதை இராமலிங்கத்தார் ஆறுதலா வாசிக்கட்டும். ஒண்டையும் விடவேண்டாம் எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ.

மச்சாள் வந்தண்டே காய்ச்சல் கடுமை. காயத்தைத் திரும்பத் திறந்து கழுவினவை. தைக்கேல்லை, உள்ளுக்க இருந்து ஆறிவர விட்டிருக்கினம். மச்சாளின்ர சிதளும் பாலம்மாவின்ர கால் சிதளும் கொழும்புக்குப் போய் மறுமொழி வந்திட்டுது. கிருமியைத் தட்டில வளத்து, மருந்து தோய்ச்ச சின்னக் கடதாசி வட்டங்களை அதுக்கு மேல வைக்கிறவை. மருந்து வேலை செய்தா வட்டத்தைச் சுத்திக் கிருமி செத்து வெளிச்சமா ஒரு வளையம் வரும். உங்கட பேணிக்குள்ள கிடந்த ஒண்டுக்கும் வளையம் வரேல்லையாம். ரெண்டு பேருக்கும் ஒரே கிருமி. ஒரேயொரு ஊசிக்குத்தான் நல்ல வளையம். அதையும் இஞ்ச கிடத்தி வைச்சுத்தான் ஏத்தவேணும்.

அந்த ஊசி எங்களிட்டக் கொஞ்சந்தான் கிடக்கு. கேட்டு எழுதியிருக்கினம். அது வரும்வரைக்கும் இருக்கிறது காணுமோ எண்டு சொல்லேலாது. நான் பொய் சொல்லமாட்டன் அண்ணை, இன்னும் ஒண்டும் சொல்லேலாது. ஆனா முந்தநாள் இரவு காய்ச்சல் கொஞ்சம் இறங்கினது. பாலம்மா பக்கத்துக் கட்டிலில இருந்து மச்சாளுக்கு ஊர்க்கதை சொல்லுறா. உங்களைப் போல வராது எண்டுறா மச்சாள், நாம்பன் கதையில வேலி பிரிச்ச இடத்தை விட்டிட்டாவாம்.

நீங்கள் வரவேண்டாம். இது மச்சாள் சொல்லச் சொன்னது.

சிவலட்சுமி


ஆண்டாங்குளம்
30.08.2001

என்ர தங்கச்சி,

எப்பிடி இருக்கிறாய்? அன்னம் எப்பிடி இருக்கிறா? இதை முதல் கேட்டுப்போட்டுத்தான் மற்றக் கதை. ஆடிக் கடைசியில வந்த கடிதத்துக்குப் பிறகு ஒண்டும் இல்லை. பாதை பூட்டிக்கிடக்கு. மாரிமுத்துவும் போகேல்லை. உன்ர அந்தக் கடிதத்தை இராமலிங்கம் எனக்கு எத்தினை தரம் வாசிச்சது எண்டு அவருக்குத்தான் தெரியும். இப்ப என்னைக் கண்டா கடையின்ர பின்பக்கத்தால போறார். எழுதும் இராமலிங்கம், உண்மைதானே.

பேணிக் கதை சொல்லவேணும். நான் அதைக் குளக்கட்டுக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் முன்னால வைச்சு, இனி இது இல்லை எண்டன். அறக்கொட்டிக் கதையையும் சொன்னன். சின்னராசா மீசையைத் தடவினான், இல்லாத மீசையை. எல்லாரும் சிரிச்சிட்டினம். சின்னப் பிள்ளைக்காரி கனகம்மா மட்டும் சிரிக்கேல்லை. எழும்பிச் சொன்னா:

"உங்கட பெண்சாதிக்கு உங்கட தங்கச்சி ஆஸ்பத்திரியில இருக்கிறா. வாகனம் வந்து ஏத்திக்கொண்டு போகும். என்ர பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எனக்கு உந்தப் பேணிதான். அதையும் மூடினா நான் ஆரிட்டப் போறது கதிர்காமண்ணை?"

அவ சொன்னது பிழையோ தங்கச்சி? எனக்குப் பிழை தெரியேல்லை. குளத்தில ஒரு நீர்க்காகம் முங்கி எழும்பி, திரும்ப முங்கிச்சுது, அவ்வளவு நேரமும் எல்லாரும் அதைப் பாத்துக்கொண்டு இருந்தம். கடைசியில இராமலிங்கம்தான் வழி சொன்னார். தலையிடிக் குளிசையும் வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற தூளும் பேணியில கிடக்கட்டும். கப்சூல் எண்டா ஆருக்குத் தந்ததோ அந்த ஆளே கடைசிவரைக்கும் முடிக்கவேணும், மிச்சம் எண்டு ஒண்டு வரக்கூடாது. கிடக்கிறதுகளைப் புதைச்சாச்சு. கனகம்மா எழும்பிப் போயிட்டா. அடுத்த நாள் எனக்குக் கத்தரிக்காய்க் கறி கொண்டுவந்து தந்தா. உப்புக் கூட. கோவம் இன்னும் கிடக்காக்கும்.

வீட்டில நான் தனிய. கதை சொல்ல ஆளில்லை. மாட்டுக்குச் சொன்னா அது அசைபோடுது, பாதியில எழும்பிப் போகுது. குசினிப் பக்கம் வேப்பெண்ணெய்ப் போத்தல் அப்பிடியே கிடக்கு, நான் எடுக்கேல்லை. ஒண்டு சொல்லட்டே, இரவில என்ர குறட்டை எனக்கே கேட்டு முழிக்கிறன். அவ சொன்னது முழுப்பொய் இல்லைப் போல. சிங்கராசாவின்ர வாய்க்கால் கதை பாதியில நிக்குது, உனக்கு ஞாபகம் இருக்கோ? அதை இப்ப சொல்லிமுடிக்கிறன், நீ அன்னத்துக்கு வாசிச்சுக் காட்டு. என்னெண்டா, இவன் சிங்கராசா இரவோட இரவா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், எங்கட வாய்க்கால் எண்டு நினைச்சுத் தன்ர மச்சானின்ர வாய்க்காலை வெட்டி, தண்ணி முழுக்க

பொறும் இராமலிங்கம். ரோட்டில வாகனம் நிண்ட சத்தம். பாதை திறந்திட்டாங்களோ? ஆரோ படலையைத் திறக்கினம். பாலம்மாவின்ர சிரிப்பு மாதிரி. இல்லை, பொறும், கூப்பிடினம். "இஞ்சேரு..ங்கோ" எண்டு, கேட்டதே உமக்கும், அந்த இழு